பூட்டு மாறித் தொங்குகிறது: காப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு ஏஜென்டின் திறந்த மடல்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஐதராபாத் நானக்ராம்குடாவில் இருக்கும் உங்கள் அலுவலகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் இருபத்திரண்டு வருடமாக உங்கள் விதிகளுக்குள்தான் என் பிழைப்பு ஓடுகிறது. திருச்சி உறையூரில் ஏஜென்ட் வேலை. பாலிசி போடுவது பாதி வேலை என்றால், கிளெய்ம் வரும்போது ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் நடுவே நின்று பேப்பர் சேர்ப்பது மீதி. பலகையில் எழுதாத அந்த மீதி வேலையில் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கம்பெனிகள் ஏன் கிளெய்மை மறுக்கின்றன என்ற கணக்கு வெளியே வர வேண்டும், நோயாளியின் ஃபைல் வெளியே போகக் கூடாது என்று கேட்கிறேன்.

எங்கள் தெருவில் தையல்கடை வைத்திருப்பவர், 2020 ஏப்ரலில் குடும்பத்துக்கு மெடிக்ளெய்ம் எடுத்தார். நான்தான் போட்டேன். 2024 ஆகஸ்டில் ஒரு காலை, அவர் மனைவிக்கு இடது கை மரத்துப்போய், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் கேட்டிருக்கிறார்: "பிபி இருக்கா? எத்தனை வருஷமா?" பதற்றத்தில் இவர், "அஞ்சு வருஷமா அப்பப்ப தலைசுத்தும் சார்" என்றிருக்கிறார். டாக்டர் கேஸ் ஷீட்டில் ஒரு வரி கிறுக்கினார்: உயர் ரத்த அழுத்தம், ஐந்து வருடமாக. அந்த வரி அப்படியே டிஸ்சார்ஜ் சம்மரியில் டைப் ஆனது.

பாலிசிக்கு வயது நான்கு வருடம் நான்கு மாதம். நோய்க்கு வயது ஐந்து. கம்பெனிக்குக் கணக்கு சரியாகப் போயிற்று: பாலிசிக்கு முன்னாலேயே நோய் இருந்திருக்கிறது. முக்கியத் தகவலை மறைத்துவிட்டார்கள் என்று சொல்லி கேஷ்லெஸ்ஸும் இல்லை, பிறகு பில் கொடுத்துக் கேட்டபோது பணமும் இல்லை. அந்த அம்மாவுக்கு அதற்கு முன்னால் யாரும் பிபி பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்ததில்லை. தலைசுற்றலுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நடுவே இருந்தது ஒரு டாக்டரின் பேனா மட்டும்தான். நீங்கள் 2024-ல் கொண்டுவந்த விதிப்படி ஒரு பாலிசி தொடர்ந்து 60 மாதம் ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, பழைய நோயை மறைத்தாய் என்று கம்பெனி கிளெய்மை மறுக்க முடியாது. எட்டு மாதம் கழித்து அந்த அம்மா விழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நகை அடகுக்குப் போனது. கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினோம், ஒரு மாதம் பொறுத்தோம், அப்புறம் கம்பெனிக்கு வெளியே இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) போனோம். கடைசியில் பணம் வந்தது. நகையும் மீண்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பணம் வந்த அன்று சாயங்காலம், பித்தான் தைத்துக்கொண்டே அவர் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணே, இந்த மாதிரி எங்களுக்கு மட்டும்தான் நடந்துச்சா, இல்ல இதே காரணத்தைச் சொல்லி இன்னும் நிறையப் பேரை அனுப்பியிருக்காங்களா?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லா நிறுவனமும் தன் வலைத்தளத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பொது வெளியீடு போட வேண்டும் என்பது உங்கள் விதி. ஆயுள் அல்லாத காப்பீட்டுக்கு என்எல் என்று தொடங்கும் படிவங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். பிடிஎஃப் மேல் பிடிஎஃப். சிலது ஸ்கேன் செய்த படம், எண்ணைச் சொடுக்கி எடுக்கவும் முடியாது. எத்தனை கிளெய்ம் வந்தது, எத்தனை தீர்ந்தது, எத்தனை மறுக்கப்பட்டது, எத்தனை நாள் ஆனது என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. ஏன் மறுக்கப்பட்டது என்ற கட்டம் மட்டும் கண்ணில் படவில்லை.

உங்கள் 2023-24 ஆண்டறிக்கையையும் பார்த்தேன். ஆரோக்கியக் காப்பீட்டுக் கிளெய்ம்களில் எண்ணிக்கைப்படி 83 சதவீதம் தீர்க்கப்பட்டன, 11 சதவீதம் மறுக்கப்பட்டன, 6 சதவீதம் ஆண்டுக் கடைசியில் நிலுவையில் நின்றன. ஒப்புக்கொண்ட கிளெய்ம்களிலேயே இது சேராது, அது சேராது என்று வெட்டிய தொகை சுமார் 15,100 கோடி ரூபாய். பெரிய எண்தான். ஆனால் கையுறைக்கும் ஊசிக்கும் வெட்டியது எவ்வளவு, அறை வாடகை கூடிப்போனதால் மொத்த பில்லிலும் விகிதம் போட்டு வெட்டியது எவ்வளவு, டாக்டர் கிறுக்கிய ஒரு வரிக்காக மொத்தமாக மறுத்தது எவ்வளவு? நிறுவனவாரியாக, பாலிசிவாரியாக அதைப் பிரித்துப் பார்க்க முடிந்தால்தான் தையல்காரருக்குப் பதில் கிடைக்கும்.

அந்தத் தரவை உங்களால் வாங்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1938-ம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 33-வது பிரிவின்படி, நீங்கள் எழுத்தில் ஓர் உத்தரவு போட்டால் போதும், விசாரணை அதிகாரி எந்த நிறுவனத்துக்குள்ளும் நுழைந்து எந்தக் கணக்குப் புத்தகத்தையும் கேட்கலாம், ஆட்களை உட்காரவைத்துச் சத்தியப்பிரமாணத்தின் மேல் விசாரிக்கலாம். 1999-ம் ஆண்டு ஆணையச் சட்டத்தின் 14-வது பிரிவு தகவல் கேட்கவும், ஆய்வு செய்யவும், தணிக்கை செய்யவும் அதிகாரம் தருகிறது. போதாததற்கு, போன டிசம்பரில்... மன்னிக்கவும், 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் திருத்தச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. சப்கா பீமா சப்கி ரக்ஷா என்று இந்தியில் பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் என் கஸ்டமர்கள் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள், இருக்கட்டும். அந்நிய முதலீட்டு வரம்பை 74 சதவீதத்திலிருந்து 100 ஆக்கிய அந்தச் சட்டம், தப்பான வழியில் சேர்த்த லாபத்தைப் பிடுங்கும் அதிகாரத்தையும் உங்களுக்குத் தந்திருக்கிறது. லாபம் தப்பான வழியில் வந்ததா என்று தெரிய, தரவு வேண்டாமா?

ஆக, எடுக்கும் அதிகாரத்தில் குறையே இல்லை. எடுத்த பிறகு அது எங்கே போகிறது என்பதுதான் என் பேச்சு.

2025 தொடக்கத்தில் நீங்கள் கொண்டுவந்த ஒழுங்குமுறையின் தலைப்பைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். நிறுவனங்கள் தகவலைப் பராமரிப்பது, ஆணையம் தகவலைப் பகிர்வது, இரண்டையும் பற்றியது. 2012, 2015, 2020 என்று தனித்தனியாகக் கிடந்த விதிகளை ஒரே கட்டாகக் கட்டியிருந்தீர்கள். நல்ல வேலை. 'பகிர்தல்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். யாரோடு பகிர்வது? உள்நாட்டு, வெளிநாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்புகளோடு. ப்ரீமியம் கட்டுகிறவன் அந்தப் பட்டியலில் எங்கும் வரவில்லை.

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் இந்த விஷயத்தில் உங்களைவிடத் தாராளமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? அதே 1938 சட்டத்தின் 20-வது பிரிவு, நிறுவனங்கள் தாக்கல் செய்யும் விவர அறிக்கைகள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும், கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் நகல் வாங்கலாம் என்றது. நிறுவனத்துக்கு முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு விசாரணை அறிக்கையையோ அதில் ஒரு பகுதியையோ வெளியிடலாம் என்று 33-வது பிரிவிலேயே வாசகம் இருக்கிறது. புதுச் சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. வெளியிட மனசு வேண்டும்.

பழைய கதை ஒன்று உங்களுக்குத் தெரியாததல்ல. 1955 டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி மக்களவையில் எழுந்து, பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பணத்தை ராமகிருஷ்ண டால்மியா தன் சொந்த வியாபாரத்துக்கு எப்படித் திருப்பினார் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். அப்போதும் 1938 சட்டம் இருந்தது. அப்போதும் ஒரு கட்டுப்பாட்டு அதிகாரி இருந்தார், கணக்கைக் கேட்கும் அதிகாரமும் அவருக்கு இருந்தது. ஆனால் பாலிசிதாரனுக்குச் சேதி எட்டியபோது பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போயிருந்தது. அடுத்த மாதமே, 1956 ஜனவரி 19 அன்று, நிதி அமைச்சர் சி.டி. தேஷ்முக் வானொலியில் ஆயுள் காப்பீட்டை அரசுடைமை ஆக்குவதாக அறிவித்தார். இருநூற்று நாற்பத்தைந்து அமைப்புகளைச் சேர்த்து எல்ஐசி பிறந்தது.

சரி, அரசாங்கம் எடுத்துக்கொண்டால் தீர்ந்துவிட்டதா? அடுத்த வருடமே எல்ஐசி பணம் ஹரிதாஸ் முந்த்ராவின் நொடித்துக்கொண்டிருந்த கம்பெனிப் பங்குகளில் போனது தெரியவந்தது. அதையும் கிளப்பியவர் ஃபெரோஸ் காந்திதான். நீதிபதி எம்.சி. சாக்ளா பம்பாயில் பொதுமக்கள் முன்னால் விசாரணை நடத்தினார். கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள் என்பார்கள். நம்ம ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதி அமைச்சர் பதவியை விட்டு 1958 பிப்ரவரியில் இறங்கினார். சின்ன வயதில் என் தாத்தா இந்தக் கதையை டி.டி.கே.வுக்கு நடந்த அநியாயமாகவே சொல்வார். எனக்கு அதில் அபிப்பிராயம் இல்லை. எனக்குப் பிடித்தது அந்த ஒலிபெருக்கிதான். தனியார் கம்பெனியோ அரசுக் கம்பெனியோ, கணக்கு சந்தைக்கு வந்த பிறகுதான் அசைந்தது.

இப்போது கதவின் அந்தப் பக்கம்: நோயாளியின் ஃபைல் எங்கே போகிறது என்பது.

அந்த அம்மா டிஸ்சார்ஜ் ஆகி ஒரு வாரத்துக்குள் தையல்காரரின் போனுக்கு அழைப்பு மேல் அழைப்பு. ஒருத்தர் பிசியோதெரபி வீட்டுக்கே வந்து செய்கிறேன் என்றார். இன்னொருத்தர் ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கென்றே லேகியம் இருக்கிறது என்றார். மூன்றாவது பெண், "மேடத்துக்கு லெஃப்ட் சைடுதானே சார்?" என்று கேட்டாள். பக்கம் வரைக்கும் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து போனதா, கம்பெனிக்காகக் கிளெய்ம் பேப்பர் பார்க்கும் டிபிஏ நிறுவனத்திலிருந்தா, கம்பெனியிலிருந்தா, இல்லை இவை மூன்றுக்கும் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் நான்காவது ஆளிடமிருந்தா, யாராலும் சொல்ல முடியவில்லை. நான் எல்லோருக்கும் போன் போட்டேன். எல்லோரும் 'எங்களிடமிருந்து போகவில்லை' என்றார்கள்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2024 செப்டம்பரில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பெரிய ஆரோக்கியக் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்களும் மருத்துவ அறிக்கைகளும் டெலிகிராம் செயலியில் தானாகப் பதில் தரும் 'பாட்' கணக்குகள் வழியாகக் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தன என்ற செய்தி உலகம் முழுக்க ஓடியது. நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. என் கஸ்டமர்களில் சிலர் என்னிடம் வந்து, "என் ரிப்போர்ட்டும் அதில் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

பூட்டு மாறித் தொங்குகிறது என்று தலைப்பு வைத்தது இதனால்தான். ஒரு நிறுவனம் எந்தக் காரணத்துக்காக எத்தனை பேரை மறுத்தது என்பது 'வணிக ரகசியம்'. என் தெருப் பெண்ணுக்கு எந்தப் பக்கம் மரத்துப்போனது என்பது சந்தைச் சரக்கு. இரண்டு பூட்டையும் இடம் மாற்றுங்கள் என்பதே என் கோரிக்கை.

ரகசியம் என்ற சாக்கை நம் உச்ச நீதிமன்றம் ஒரு முறை கேட்டுப் பார்த்திருக்கிறது. வங்கிகளை ஆய்வு செய்த அறிக்கைகளைத் தர மாட்டோம், வங்கிகள் எங்களை நம்பிக் கொடுத்தவை என்று ரிசர்வ் வங்கி வாதாடியது. 2015 டிசம்பரில் ஜெயந்திலால் மிஸ்திரி வழக்கில் நீதிபதிகள் எம்.ஒய். இக்பாலும் சி. நாகப்பனும் அதை ஏற்கவில்லை. சட்டப்படி கட்டாயமாகக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு அதை 'நம்பி ஒப்படைத்தது' என்று சொல்ல முடியாது, ரிசர்வ் வங்கியின் கடமை பொதுமக்களுக்குத்தான், வங்கிகளுக்கு லாபம் சேர்க்க அல்ல என்றார்கள். வங்கிகள் அப்புறமும் விடாமல் நீதிமன்றம் ஏறின என்பது வேறு விஷயம். வங்கிக்குச் சொன்ன நியாயம் இன்ஷூரன்ஸுக்குப் பொருந்தாமல் போக எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. டெபாசிட் போடுகிறவனும் ப்ரீமியம் கட்டுகிறவனும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

வெளிநாட்டு உதாரணம் கேட்டால், கலிபோர்னியாவைச் சொல்வேன். அங்கே 1988-ல் மக்கள் வாக்கெடுப்பில் ஒரு சட்டம் வந்தது: அந்தச் சட்டத்தின் கீழ் காப்பீட்டு ஆணையரிடம் நிறுவனங்கள் கொடுக்கும் தகவல் எல்லாம் மக்கள் பார்வைக்குத் திறந்தது. எந்த அஞ்சல் குறியீட்டுப் பகுதியில் எத்தனை பாலிசி கொடுத்தோம் என்ற விவரம் எங்கள் தொழில் ரகசியம் என்று ஒரு பெரிய வாகனக் காப்பீட்டு நிறுவனம் அந்த மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004-ல் தோற்றது. ஏழைகள் வசிக்கும் பேட்டைகளை நிறுவனங்கள் ஒதுக்குகின்றனவா என்று அங்கே சாதாரண ஆள் வரைபடம் போட்டுப் பார்க்கலாம். எங்கள் உறையூருக்கும் வசதியானவர்கள் வசிக்கும் தில்லைநகருக்கும் நடுவே அப்படி ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா? சந்தேகம்தான் இருக்கிறது, வரைபடம் இல்லை.

உங்களிடம் அந்த வரைபடத்துக்கான சாமான் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2009-ல் நீங்கள் தொடங்கிய காப்பீட்டுத் தகவல் பணியகம், நிறுவனங்களிடமிருந்து பாலிசி ஒவ்வொன்றாக, கிளெய்ம் ஒவ்வொன்றாகத் தரவை வாங்கிச் சேர்க்கிறது. அதன் பலனை நானே அனுபவித்திருக்கிறேன். புதுக்கோட்டை ரோட்டில் லாரி தட்டிவிட்டுப் போன ஒரு கேஸில், வண்டி நம்பரை அவர்களின் தளத்தில் போட்டு எந்தக் கம்பெனி இன்ஷூரன்ஸ் என்று கண்டுபிடித்தோம். நஷ்டஈட்டு வழக்கே அதனால்தான் நின்றது. மோட்டாரில் செய்ய முடிந்ததை மெடிக்ளெய்மில் செய்யக் கூடாதா? அதே சமயம், இத்தனை கோடிப் பேரின் விவரம் குவிந்திருக்கும் இந்தப் பணியகம், சங்கமாகப் பதிவான ஓர் அமைப்பு. இதில் யார் எதைத் தேடலாம், தேடியதற்குப் பதிவு உண்டா, எத்தனை வருடத்தில் அழிக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் உட்கார்ந்து எழுதிய தனிச் சட்டம் கிடையாது. பாலிசிகளுக்கென்று பீமா சுகம் என்ற இணையச் சந்தை வருகிறது, ஆஸ்பத்திரிக் கிளெய்ம்களுக்குத் தேசியப் பரிமாற்றத் தளம் வருகிறது. குழாய்கள் பெருகுகின்றன.

2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து பதினெட்டு மாதம். அதிலும் 17-வது பிரிவு, ஒழுங்குமுறைப் பணி செய்யும் அமைப்புகளுக்கு, அந்தப் பணிக்குத் தேவையான அளவில், பல கடமைகளிலிருந்து விலக்குத் தருகிறது. தரவைப் பத்திரமாக வைக்கும் பொறுப்பு உங்களுக்கும் உண்டு. ஆனால் இன்னாரின் ஃபைலை இன்னதற்காக எடுத்தோம் என்று அவரிடம் சொல்லும் கட்டாயம் இல்லை. அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்திலும் கை வைத்துவிட்டது. 'தனிநபர் தகவல்' என்று சொன்னாலே மறுக்கலாம் என்கிற அளவுக்கு அந்த விலக்கு இப்போது அகலமாகிவிட்டது. பாலிசிதாரனின் அந்தரங்கத்தைக் காக்க வந்த சட்டத்தைக் கம்பெனிகள் தங்கள் குடையாகப் பிடித்துவிடக் கூடாது என்பது என் பயம்.

கம்பெனிக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும், கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். மறுப்புக் காரணங்களை வெளியிட்டால் ஏமாற்றுகிறவன் அதைப் படித்துத் தப்பிக்கக் கற்றுக்கொள்வான் என்பார்கள். மோசடி விசாரணையின் உள்முறைகளை நான் கேட்கவில்லையே. அவை பூட்டியே இருக்கட்டும். விலை நிர்ணயக் கணக்குகளும் போகட்டும். சின்ன ஊரில் இரண்டே கிளெய்ம் என்றால் ஆளை அடையாளம் கண்டுவிடலாம் என்பதும் உண்மை. அந்த மாதிரிச் சிறு எண்களைச் சேர்த்தோ மறைத்தோ கொடுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். மறுப்புக்கும் வெட்டுக்கும் எல்லா நிறுவனமும் ஒரே மாதிரியான காரணக் குறிகளைப் பயன்படுத்த வேண்டும், அதை நிறுவனம், பாலிசி, மாவட்டம் வாரியாகக் கணினி படிக்கிற வடிவத்தில் நீங்களே வெளியிட வேண்டும். குறைதீர்ப்பாளரிடம் போய் மாறிய முடிவுகள் எத்தனை என்பது அதே வரியில் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மறுத்ததில் பாதி அங்கே போய்த் திரும்புகிறது என்றால் அந்தக் கம்பெனியைப் பற்றி நான் கஸ்டமரிடம் வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. தனி ஆளின் ஃபைல் விஷயத்தில் நேர்மாறாக இருங்கள். யார் திறந்தாலும், அது உங்கள் அதிகாரியே ஆனாலும், தேதியோடும் காரணத்தோடும் பதிவாகட்டும். அந்தப் பதிவைக் கேட்டால் அந்த ஆளுக்குக் காட்டுங்கள். இதை ஒழுங்குமுறையில் எழுதினால் நாளை வேறொரு தலைவர் வந்து மாற்றிவிடலாம், அதனால் சட்டத்திலேயே சேர்க்கச் சொல்லி நிதி அமைச்சகத்துக்கு எழுதுங்கள்.

இதில் அடி எங்கள் ஆட்களுக்கும் விழும் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். ப்ரபோசல் ஃபாரத்தில் நோய் பற்றிய பதினைந்து கேள்விக்கும் கஸ்டமரிடம் கேட்காமலே 'இல்லை, இல்லை' என்று டிக் அடித்துக் கையெழுத்து வாங்கும் ஏஜென்டுகள் உண்டு. நானும் ஆரம்ப காலத்தில் அவசரத்தில் செய்திருக்கிறேன். 'தகவல் மறைப்பு' என்று மறுக்கப்படும் கிளெய்ம்களை ஏஜென்ட் வழி, வங்கி வழி, ஆன்லைன் வழி என்று பிரித்துப் போட்டால் எங்கள் முகத்தில் கரி பூசலாம். பூசட்டும். தையல்காரரின் ஃபாரத்தில் ஒவ்வொரு கேள்வியையும் படித்துக் காட்டித்தான் எழுதினேன். ஆனால் அதை நிரூபிக்க இன்றுவரை என்னிடம் என் வாய்வார்த்தையைத் தவிர ஒன்றும் இல்லை.

ஏப்ரலில் அவருடைய பாலிசி ரினிவல். அதே கம்பெனியில் தொடரட்டுமா, வேறு கம்பெனிக்கு மாற்றட்டுமா என்று கேட்பார். இரண்டு கம்பெனியின் விளம்பர நோட்டீஸும் என் பையில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உறையூரிலிருந்து ஓர் ஏஜென்ட்